முதல் பதினான்கு கிலோபைட்

மருத்துவமனையின் இணையதளத்தைத் திறப்பவர் எதைத் தேடி வருகிறார் என்பதில் பெரிய மர்மம் ஏதுமில்லை. தொலைபேசி எண் வேண்டும். எலும்பு டாக்டர் எந்தக் கிழமை ஓபி பார்க்கிறார் என்று தெரிய வேண்டும். அவசரப் பிரிவுக்கு எந்த வாசல் வழியாகப் போவது, ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டுமா, காப்பீட்டு அட்டை செல்லுமா, அறை வாடகை எவ்வளவு. இத்தனைக்கும் பதில் எழுதினால் ஒரு தாளின் ஒரு பக்கம் நிறையும். கணினிக் கணக்கில் ஐந்தாறு கிலோபைட்.

அந்தப் பதிலை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பவை வேறு. ட்ரோனில் எடுத்த கட்டடக் காணொளி, தானாக நகரும் ஐந்து பேனர்கள், நிர்வாக இயக்குநர் விருது வாங்கும் படம், மூலையில் துள்ளிக்கொண்டிருக்கும் சாட் பெட்டி. இவை எல்லாம் ஏறினால் முகப்புப் பக்கம் 6 மெகாபைட்டைத் தொடுவது கடினமே இல்லை. கூகுளின் லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி, நொடிக்கு 1.6 மெகாபிட் வேகமுள்ள சுமாரான 4ஜி இணைப்பு ஒன்றை வைத்துக்கொண்டுதான் கைபேசிப் பக்கங்களைச் சோதிக்கிறது. 6 மெகாபைட் என்றால் 48 மெகாபிட். அதை 1.6ஆல் வகுத்தால் 30 நொடி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு அருகில் நின்று எண்ணிப் பார்த்தால், 30 நொடி மிக நீளம்.

“இணைப்பு வேகமாக இருந்தால் சரியாகிவிடும்” என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. பாதிதான் உண்மை. தாமதத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, குழாயின் அகலம் போதாமல் வருவது. மற்றொன்று, தூரத்தால் வருவது. முதலாவதைக் காசு கொடுத்துத் தீர்க்கலாம். இரண்டாவது இயற்பியல், யாரிடமும் பேரம் பேசாது.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகிறது. வெற்றிடத்தில் போகும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. சென்னையில் உள்ள மருத்துவமனை, விலை மலிவு என்பதற்காகத் தன் தளத்தை அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள சர்வரில் வைத்திருப்பதாகக் கொள்வோம். நேர்க்கோட்டில் 13,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 130 மில்லிநொடி, அதுவும் கேபிள் நேராக ஓடினால். கடலடிக் கேபிள்கள் கண்டங்களைச் சுற்றிக்கொண்டு போவதால், நடைமுறையில் 200ஐத் தாண்டும். அதாவது திருவல்லிக்கேணியில் இருக்கும் நோயாளி மயிலாப்பூர் மருத்துவமனையின் எண்ணைக் கேட்டால், கேள்வி பாதி உலகத்தைக் கடந்து போய்த் திரும்ப வேண்டும்.

ஒருமுறை போய்வந்தால் பரவாயில்லை, கண்ணிமைக்கும் நேரம்தான். ஆனால் பக்கத்தின் முதல் எழுத்து கிளம்புவதற்கு முன்பே பல சடங்குகள் இருக்கின்றன. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தர ஒரு விசாரணை. பிறகு “இருக்கிறாயா”, “இருக்கிறேன்” என்று இரு கணினிகளும் கைகுலுக்க ஒரு சுற்று. பேச்சை யாரும் ஒட்டுக்கேட்காதபடி பூட்டுச் சாவி மாற்றிக்கொள்ளப் பழைய முறையில் இரண்டு சுற்று. அதன்பிறகே “பக்கத்தைக் கொடு” என்ற உண்மையான வேண்டுகோள். பெயர் விசாரணையை விட்டுவிட்டால்கூட நான்கு பயணம். பாதி உலகத்துக்கு நான்கு தடவை போய்வந்தால் ஏறத்தாழ ஒரு நொடி கரைந்துவிடும், திரையில் ஒரு புள்ளிகூட விழாமல்.

இந்தச் சடங்குகளைக் குறைப்பதுதான் கடந்த பத்தாண்டின் இணையப் பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. 2018இல் வந்த டிஎல்எஸ் 1.3 சாவி மாற்றத்தை ஒரே சுற்றாகச் சுருக்கியது. 2022இல் தரநிலையான எச்டிடிபி/3, கைகுலுக்கலையும் சாவி மாற்றத்தையும் ஒரே மூச்சில் முடிக்கிறது. நான்கு பயணம் இரண்டாகிவிட்டது. பல மருத்துவமனைகளில் சர்வரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் இவற்றை இயக்கிவிட்டாலே போதும், யாரும் போவதில்லை.

சடங்கு முடிந்ததும் பக்கம் முழுவதும் கொட்டிவிடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. ஏன் என்று புரிய 1986 அக்டோபருக்குப் போக வேண்டும். அப்போது கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கஜ தூரம்தான். அந்த இணைப்பில் நொடிக்கு 32,000 பிட் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த தரவு, திடீரென்று நொடிக்கு 40 பிட்டுக்கு விழுந்தது. எழுதிய தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போய்க் கொடுத்திருக்கலாம். வான் ஜேகப்சன் என்ற ஆய்வாளர் காரணத்தைத் தேடினார். வழியில் நெரிசல் கூடி, தரவை ஏற்றிச் செல்லும் சிறு பொட்டலம் ஒன்று தொலைந்தால், அனுப்பிய கணினி அதை மீண்டும் அனுப்பும். எல்லாக் கணினிகளும் அப்படியே செய்ய, நெரிசல் இன்னும் கூடும், மேலும் பொட்டலங்கள் தொலையும், அவையும் மீண்டும் அனுப்பப்படும். வலை தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டிருந்தது.

அவரும் மைக்கேல் கேரல்ஸும் 1988இல் வெளியிட்ட தீர்வு எளிமையானது. வாய் குறுகிய கேனில் புனல் வைத்து மண்ணெண்ணெய் ஊற்றுபவர் செய்வதைத்தான் கணினிக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் கொஞ்சமாக ஊற்று. பொங்கி வரவில்லை என்றால் இரண்டு மடங்காக ஊற்று. பொங்கினால் உடனே குறை. ‘மெதுவான தொடக்கம்’ என்று இதற்குப் பெயர். இன்றைய இணையம் நெரிசலில் சாகாமல் இருப்பதற்கு இந்த ஒழுக்கம் ஒரு முக்கியக் காரணம்.

அந்த ‘கொஞ்சம்’ எவ்வளவு? 2013இல் வந்த பரிந்துரைப்படி 10 பொட்டலம். ஒன்றுக்கு 1,460 பைட் என்று வைத்தால் 14,600 பைட். சர்வர் முதல் தவணையில் இதற்கு மேல் அனுப்பாது. வந்து சேர்ந்ததாகப் பதில் கிடைத்த பிறகே 29 கிலோபைட், பிறகு 58, பிறகு 117. ஒரு மெகாபைட் வந்து சேர ஏழு தவணை ஆகிவிடும். உங்கள் இணைப்பு நொடிக்கு ஆயிரம் மெகாபிட்டாக இருந்தாலும் தொடக்கத்தில் இந்த வரிசையில்தான் நிற்க வேண்டும்.

ஆகவே ஒரு மருத்துவமனைத் தளத்தின் தலையெழுத்து முதல் 14 கிலோபைட்டில் இருக்கிறது. அந்த முதல் தவணைக்குள் தொலைபேசி எண்ணும், ஓபி நேரமும், துறைகளின் பட்டியலும், அவற்றை ஒழுங்காகக் காட்டத் தேவையான குறைந்தபட்ச வடிவமைப்பு விதிகளும் அடங்கிவிட்டால், மற்றதெல்லாம் எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் நோயாளிக்குக் கவலையில்லை. எழுத்தைச் சுருக்கித்தான் அனுப்புவார்கள் என்பதால் 14 கிலோபைட்டில் நாற்பது ஐம்பது கிலோபைட் உரை தாராளமாக அடங்கும்.

தமிழில் இதற்கு ஒரு தனிக்கணக்கு இருக்கிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ‘மருத்துவமனை’ என்று எழுதினால் புள்ளியும் துணைக்குறிகளும் சேர்த்து 11 குறி, 33 பைட். தமிழ்ப் பக்கம் கனமாகிவிடும் என்று பயந்து, ஓபி அட்டவணையைத் தாளில் அச்சடித்து ஸ்கேன் செய்து படமாகவோ பிடிஎஃப் ஆகவோ ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற காரியம் இது. தமிழ்க் குறிகளின் மூன்று பைட்டில் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான். இப்படித் திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதில் ஜிஜிப், ப்ராட்லி போன்ற முறைகள் கெட்டிக்காரர்கள். எழுத்தாகப் போட்டால் சில கிலோபைட்டில் முடியும் அட்டவணை, ஸ்கேன் செய்தால் ஓரிரு மெகாபைட் ஆகும். அதைப் பார்வையற்றவரின் திரைபடிப்பானால் வாசிக்கவும் முடியாது, எண்ணைத் தொட்டு அழைக்கவும் முடியாது. ஆடம்பர எழுத்துருக்களும் இதே வகை. தனி எழுத்துரு வந்து சேரும்வரை பல உலாவிகள் மூன்று நொடி வரை உரையை மறைத்தே வைத்திருக்கும். கைபேசியிலேயே இருக்கும் தமிழ் எழுத்துருவில் உரையை உடனே காட்டு என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

எடையின் பெரும்பங்கு படங்கள்தான். கட்டடத்தின் புகைப்படம் 4,000க்கு 3,000 புள்ளி என்றால் மொத்தம் 1.2 கோடிப் புள்ளிகள். நல்ல கைபேசித் திரையின் அகலமே 1,080 புள்ளி அளவில்தான். அந்த அகலத்துக்குச் சுருக்கினால் 8.7 லட்சம் புள்ளி போதும். மீதி ஒரு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் நோயாளியின் டேட்டாவைத் தின்று வந்து சேர்ந்து, திரையில் தோன்றாமலே வீணாகின்றன. ஒரே படத்தை நான்கைந்து அளவுகளில் வைத்து, திரைக்கு ஏற்றதை உலாவியே எடுத்துக்கொள்ளும்படி எழுத முடியும். பக்கத்தின் அடியில் இருக்கும் படங்களைப் பார்ப்பவர் அங்கே வரும்போது மட்டும் இறக்கும்படியும் செய்யலாம்.

படச் சுருக்கத்தைப் பற்றிப் பேசும்போது நசீர் அகமதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1940இல் பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியரானவர். படத்தைப் புள்ளி புள்ளியாக எழுதுவதற்குப் பதில், சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவாக மாறும் அலைகள், வேகமாக மாறும் அலைகள் ஆகியவற்றின் கலவையாக எழுதினால், முக்கியச் செய்தி முழுவதும் சில எண்களில் திரண்டுவிடும் என்பது அவர் எண்ணம். 1972இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை, யோசனை அளவுக்கு மீறி எளிமையாக இருப்பதாக ஒரு மதிப்பீட்டாளர் எழுதியிருந்தாராம். தன் மாணவர் டி. நடராஜனோடும், கே. ஆர். ராவோடும் சேர்ந்து 1974இல் அதை வெளியிட்டார். 1992இல் வந்த ஜேபெக் இந்தக் கணிதத்தின் மேல்தான் நிற்கிறது. வேகமாக மாறும் நுண்ணிய அலைகளைக் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவற்றைத் துணிந்து எறிந்துவிடலாம். கட்டடத்தின் கண்ணாடிச் சுவரில் எத்தனை கீறல் என்பதை நோயாளி எண்ணப் போவதில்லை. அதற்குப் பின் வந்த வெப்பி, ஏவிஃப் வடிவங்கள் அதே தரத்தை இன்னும் சிறிய கோப்பில் தருகின்றன.

அடுத்தது நிரல்துண்டுகள். எடையில் இவை படங்களை விடச் சிறியவை, பாதிப்பில் பெரியவை. 200 கிலோபைட் படத்தை உலாவி விரித்துக் காட்டினால் வேலை முடிந்தது. 200 கிலோபைட் ஜாவாஸ்கிரிப்டையோ அது படித்து, பொருள் புரிந்து, இயக்க வேண்டும். பத்தாயிரம் ரூபாய்க் கைபேசியின் செயலி அதைச் செய்யும் நேரத்தில் பொத்தானைத் தொட்டால் அசையாது. இவற்றில் பெரும்பாலானவை மருத்துவமனை எழுதியவையும் அல்ல: விளம்பரத்தைக் கண்காணிக்கும் துண்டு, வருகையை எண்ணும் துண்டு, சாட் துண்டு. 2022 ஜூனில் ‘தி மார்க்கப்’ என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம், அந்த நாட்டின் முன்னணி 100 மருத்துவமனைகளின் தளங்களை ஆராய்ந்தது. 33இல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் கண்காணிப்புத் துண்டு இருந்தது. மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்யப் பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தி ஃபேஸ்புக்குக்குப் போனது. 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அமெரிக்காவின் மருத்துவமனைத் தளங்களில் 98.6 சதவீதத்தில் ஏதோ ஒரு வெளியார் கண்காணிப்பு இருந்ததாகக் காட்டியது. தளத்தை மந்தமாக்கும் அதே துண்டுதான் நோயாளியின் ரகசியத்தையும் கசியவிடுகிறது. ஒரு வரியை நீக்கி இரண்டு நன்மை அடையும் வாய்ப்பு பொறியியலில் அடிக்கடி கிடைப்பதில்லை.

தூரத்துக்கு மருந்து, சரக்கை வாங்குபவரின் ஊரிலேயே வைப்பது. எம்ஐடி கணிதப் பேராசிரியர் டாம் லெய்டனும் அவர் மாணவர் டேனி லூவினும் 1998இல் தொடங்கிய அகமாய் இதைத் தொழிலாக்கியது. தளத்தின் நகல்களை உலகெங்கும் உள்ள சர்வர்களில் வைத்து, கேட்பவருக்கு அருகில் இருப்பதிலிருந்து கொடுப்பதைத்தான் சிடிஎன் என்கிறோம். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட விமானங்களில் ஒன்றில் இருந்த லூவின் கொல்லப்பட்டார். அன்றைக்கு உலகமே செய்தித் தளங்களில் குவிந்தது. சிஎன்என் தன் முகப்புப் பக்கத்தில் இருந்த அலங்காரங்களைக் களைந்து, சில வரிச் செய்தியாக்கிச் சமாளித்தது. நெருக்கடி வந்தால் எது தேவை, எது ஒப்பனை என்று அரை நாளில் தெரிந்துவிடுகிறது.

நகல் வைப்பதில் மருத்துவமனைக்கு ஓர் எச்சரிக்கை. துறைகளின் பட்டியலை எங்கு வேண்டுமானாலும் நகலெடுத்து வைக்கலாம். ரத்தப் பரிசோதனை முடிவை வைக்கக் கூடாது. 2015 கிறிஸ்துமஸ் நாளில் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் இந்த அமைப்பு தவறி, ஒருவருடைய கணக்குப் பக்கம் இன்னொருவருக்குக் காட்டப்பட்டது. சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். அங்கே போனது விளையாட்டுக் கணக்கு. இங்கே போவது எச்ஐவி பரிசோதனை முடிவாக இருக்கலாம். உள்நுழைந்து பார்க்கும் பக்கங்களுக்கு ‘சேமிக்காதே’ என்ற கட்டளை கட்டாயம்.

எல்லாம் சரி, தளம் மந்தம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? 2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு, மக்கள் மருத்துவக் காப்பீடு எடுப்பதற்கான ஹெல்த்கேர்.கவ் தளத்தைத் திறந்தது. முதல் நாள் முடிவில் வெற்றிகரமாகப் பதிவு செய்தவர்கள் ஆறு பேர். மீட்கப் போன பொறியாளர்களுக்குக் கிடைத்த முதல் அதிர்ச்சி, தளம் எப்படி ஓடுகிறது என்று காட்டும் அளவுகோல் எதுவும் சரிவர இல்லை என்பது. அளக்கத் தொடங்கிய பிறகே எங்கே அடைப்பு என்று தெரிந்தது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் தரவை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தின் ஆழத்திலிருந்து இறைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார்கள். அக்டோபரில் சராசரியாக எட்டு நொடி எடுத்துக்கொண்ட பதில், நவம்பர் முடிவதற்குள் ஒரு நொடிக்குக் கீழே வந்தது.

ஆனால் அளவுகோலும் ஏமாற்றும். யூடியூபில் வேலை பார்த்த கிறிஸ் சக்கரையாஸ் என்ற பொறியாளர் 2012இல் எழுதிய அனுபவம் இது. 1.2 மெகாபைட்டாக இருந்த காணொளிப் பக்கத்தை அவர் 98 கிலோபைட்டாக இளைக்க வைத்தார். வேகம் கூடியிருக்க வேண்டும். புள்ளிவிவரத்தைப் பார்த்தால் சராசரிக் காத்திருப்பு நேரம் அதிகமாகியிருந்தது! பக்கம் பன்னிரண்டில் ஒரு பங்காகியும் மந்தமாகிவிட்டதா? ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியாவின் மூலைகளிலிருந்து புதிய பார்வையாளர்கள் வந்திருந்தார்கள். பழைய பக்கம் அவர்களுக்குத் திறக்க இருபது நிமிடம் ஆகும். ஆகவே அவர்கள் வரவே இல்லை. ஆகவே கணக்கிலும் இல்லை. புதிய பக்கம் இரண்டு நிமிடத்தில் திறந்தது, வந்தார்கள், சராசரியை இழுத்துவிட்டார்கள்.

மருத்துவமனை நிர்வாகி சுவரில் ஒட்டிவைக்க வேண்டிய கதை இது. உங்கள் அறிக்கையில் சராசரி இரண்டு நொடி என்று இருந்தால், அது காத்திருந்து பார்த்தவர்களின் சராசரி. பாதியில் மூடிவிட்டுப் போனவர் அதில் இல்லை. வேலூருக்குச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் வங்காளத்திலிருந்தும், வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும், வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்கள் ஏராளம். அவர்களைப் போன்றவர்கள் புறப்படுவதற்கு முன்பே மருத்துவமனையை முதலில் சந்திக்கும் இடம் அதன் இணையதளம். சிக்னல் ஒரு கோட்டில் ஆடும் கைபேசியில்தான் அந்தச் சந்திப்பு நடக்கிறது.

கூகுள் இதற்குச் சில எல்லைகள் வகுத்திருக்கிறது. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லிநொடிக்குள் அசைய வேண்டும். படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் குதிக்கக் கூடாது. முகவரியைத் தொடப் போகும் விரலுக்கு அடியில் பேனர் ஒன்று வந்து விழுந்து, ஹெல்த் செக்கப் விளம்பரம் திறப்பது அந்தக் குதிப்பால்தான். சராசரி ஏமாற்றும் என்பதால், நான்கில் மூன்று வருகைகளாவது இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி, ஆனால் நான்காவது வருகையாளர் யார் என்று மருத்துவமனை கேட்டாக வேண்டும். கடைக்கு அவர் கைநழுவிப் போன வாடிக்கையாளர். மருத்துவமனைக்கு அவர் பெரும்பாலும் வயதானவர், ஏழை, அல்லது தொலைவில் இருப்பவர்.

உங்களில் யாராவது மருத்துவமனையில் வேலை பார்த்தால், ஒரு விண்ணப்பம். தளத்தை வடிவமைத்தவர் தம் பெரிய திரையில் காட்டும்போது தலையாட்டாதீர்கள். நோயாளியோடு வந்திருக்கும் யாரிடமாவது கேட்டு, அவருடைய கைபேசியில், மருத்துவமனை வைஃபையை அணைத்துவிட்டு, அவசரப் பிரிவின் எண்ணைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். எண் கிடைக்கும்வரை குறுக்கே பேசாமல் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த நேரத்தைத் தாளில் எழுதி, அடுத்த பேனருக்கு ஒப்புதல் கேட்டு வரும் கோப்பின் மேல் குத்தி அனுப்புங்கள்.